உழவர் சந்தையில் காய் வாங்குவது எப்படி: கொங்கு நாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உழவர் சந்தைக்குப் புதிதாகப் போகிறவர்கள் இரண்டு பழக்கங்களைக் கூடவே கொண்டுபோகிறார்கள். ஒன்று, வாரச்சந்தையில் பேரம் பேசிய பழக்கம். இன்னொன்று, சூப்பர் மார்க்கெட்டில் லிஸ்ட் எழுதி வாங்கிய பழக்கம். இரண்டும் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. விலை காலையிலேயே போர்டில் ஏறிவிடும், அதனால் பேரத்துக்கு இடம் குறைவு. நேற்றுத் தோட்டத்தில் என்ன பறித்தார்களோ அதுதான் கடைக்கு வரும், அதனால் உங்கள் லிஸ்டுக்கும் மரியாதை இல்லை. அப்புறம் நம் சாமர்த்தியத்தை எங்கே காட்டுவது என்றால், எந்த நேரத்துக்குப் போகிறோம், யாரிடம் வாங்குகிறோம், எதை வாங்காமல் விடுகிறோம் என்பதில்தான். கீழே இருப்பதெல்லாம் அதைப் பற்றியது.

இந்தச் சந்தை ஓடும் விதம்

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. அப்போது முதலமைச்சர் மு. கருணாநிதி. விளைவித்தவரே, நடுவில் தரகர் இல்லாமல், நேரில் விற்க வேண்டும் என்பது யோசனை. 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு மறுபடியும் சூடு பிடித்தன. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறைதான் நடத்துகிறது.

கடை போட நினைக்கும் விவசாயி தன் நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும். அலுவலர்கள் தோட்டத்தைப் பார்த்து, என்ன பயிர் எவ்வளவு என்று குறித்தபின் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுப்பார்கள். தினமும் காலையில் வந்த வரிசைப்படி கடை ஒதுக்கீடு. வாடகை கிடையாது. தராசையும் சந்தையே கொடுத்து, வியாபாரம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயம் வாங்குகிறவருக்கு முக்கியம். கடை எண் நிரந்தரமில்லை. சென்ற வாரம் நல்ல கத்திரிக்காய் கொடுத்த அக்கா இந்த வாரம் வேறு மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆளை நினைவில் வையுங்கள், இடத்தை அல்ல.

விலை நிர்ணயமும் காலையிலேயே நடக்கும். அன்றைய மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக் கடைகளின் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவாகவும் இருக்கும்படி வைப்பது பொதுவான கணக்கு. விவசாயிக்கு மண்டியில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூட, நமக்குத் தெருக்கடையைவிடக் கொஞ்சம் குறைவு. கமிஷனும் சுமைக்கூலியும் போகாததால் மிஞ்சும் காசு இது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் "அஞ்சு ரூபா கொறச்சுக்குங்க" என்று கேட்க நமக்கே வாய் வராது.

எந்தச் சந்தை, எந்த நாள்

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே போங்கள். கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, குறிச்சி. ஈரோட்டில் சம்பத் நகர், பெரியார் நகர். திருப்பூரில் வடக்கு, தெற்கு என இரண்டு. அப்புறம் மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, சத்தி, திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் என்று கொங்கு நாட்டில் சின்ன ஊர்களிலும் உண்டு. பெரிய சந்தைதான் நல்ல சந்தை என்று நினைக்க வேண்டாம். சின்னச் சந்தையில் ரகம் குறைவாக இருக்கும், ஆனால் வருகிறவர்கள் சுற்றுவட்டாரத்துக்காரர்கள், பழக்கம் சீக்கிரம் பிடிபடும்.

சந்தைக்குச் சந்தை காயின் குணம் மாறும். வடவள்ளிக்குத் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்துத் தோட்டங்கள் பக்கம்; சின்ன வெங்காயம், கத்திரி, தக்காளி, கீரை நன்றாக இருக்கும். சிங்காநல்லூருக்குச் சூலூர், பல்லடம் பக்கம் கிட்ட. சத்தியில் திம்பம் ஏறிப்போனால் வரும் தாளவாடியின் முட்டைகோஸும் உருளைக்கிழங்கும் இறங்கும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டிக் காய்க்குக் குறைவிருக்காது.

நாள் விஷயத்தில் என் யோசனை: ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். கூட்டம் அதிகம், நின்று பேச நேரமில்லை, நல்லது சீக்கிரம் தீர்ந்துபோகும். வாரநாள், அதிலும் செவ்வாய் புதன் மாதிரி நடுவாரம், நிதானமாக வாங்கத் தோது. அமாவாசைக்கு முந்தின நாளும் அமாவாசையன்றும் கூட்டம் கட்டியேறும். நல்ல முகூர்த்த நாட்களுக்கு முன்னால் முருங்கை, கத்திரி, வாழை இலை எல்லாம் விலை துள்ளும். காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வீண்போகாது.

வாரச்சந்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புளியம்பட்டிச் சந்தை போன்ற இடங்கள் வேறு உலகம். அங்கே வியாபாரிகள் வருவார்கள், ஆடு மாடு வரும், பேரம் பேசாவிட்டால்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

வெள்ளென போங்கள்

விவசாயிகள் விடியும் முன்பே வந்து இறங்கிவிடுவார்கள். ஆறு மணிக்குப் போனால் கீரையும் பிஞ்சுக் காயும் உங்களுக்கு. எட்டரைக்குப் போனால் மற்றவர்கள் பொறுக்கியது போக மிச்சம். பதினொன்றுக்கு மேல் போனால் மலிவு. மதியம் ஒன்றுக்குள் பெரும்பாலும் கடை கட்டிவிடுவார்கள்.

இதில் எது சரி என்பது நீங்கள் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீரை கடைய வேண்டுமென்றால் ஆறு மணியைத் தவிர வேறு வழியில்லை. தக்காளித் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய், கத்திரி வற்றல் போடுவதென்றால் கடைசி நேரம்தான் நல்லது. திரும்ப மூட்டை கட்டி பஸ் ஏற்றுவதைவிட விலையை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவதே அவர்களுக்கும் லாபம். அந்த நேரத்தில் அவர்களே கூப்பிட்டுக் குறைத்துச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியதுகூட இல்லை. சில சந்தைகளில் சாயங்காலமும் சிறுதானியம், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் என்று உழவர் குழுக்கள் விற்பதுண்டு. காய்க்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. கவர் கேட்டு நிற்க வேண்டாம். ஒரு கட்டைப் பை, தக்காளிக்கும் கீரைக்கும் தனித்தனியாக இரண்டு மஞ்சப்பை, முடிந்தால் ஒரு ஒயர் கூடை. ஒயர் கூடைக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது: காய் நசுங்காது, ஈரம் தங்காது, கீழே வைத்தால் சாயாது.

பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டி ஒரு கட்டுக் கீரை கேட்டால், சில்லறைக்காக அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரரிடம் கையேந்த வேண்டும். போனில் பணம் அனுப்பும் அட்டை பல கடைகளில் தொங்குகிறது. மகன் பேரிலோ மருமகள் பேரிலோ இருக்கும், பெயரைப் படித்துக் காட்டி உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். வயதானவர்கள் சிலர் காசு மட்டும்தான் வாங்குவார்கள்.

தரை எப்போதும் ஈரமாக இருக்கும். பிடிப்பான செருப்பு போடுங்கள். காரை வீட்டில் விடுங்கள்.

வாசலில் நின்று போர்டைப் படியுங்கள்

உள்ளே நுழைந்ததும் விலைப் பட்டியல் எழுதிய பெரிய போர்டு இருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சில காய்களுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். அது தரத்துக்குத் தக்க ஏற்ற இறக்கம். முதல் தரத்துக்கு மேல் விலை, கொஞ்சம் முத்தலோ சிறுசோ என்றால் கீழ் விலை. போர்டில் உள்ளதைவிடக் கூடுதலாக யாராவது கேட்டால் "போர்டுல இப்படிப் போட்டிருக்குதுங்களே" என்று சொன்னாலே போதும். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே நிர்வாக அலுவலர் அறை இருக்கிறது. சத்தம் போடத் தேவையில்லை.

வாசலுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. அங்கே போர்டு விலை செல்லாது, தராசும் சந்தைத் தராசு கிடையாது. வண்டியை விட்டு இறங்காமலேயே வாங்கிப் போகிறவர்கள் அங்கே வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் விவசாயிகளுக்கு இது பெரிய மனக்குறை. வாடிக்கையாளர் வாசலிலேயே திரும்பிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

வாங்காமல் ஒரு சுற்று

இதைத்தான் யாரும் செய்வதில்லை. முதல் கடையிலேயே பையை நிரப்பிவிட்டு, நாலாவது கடையில் இதைவிடப் பிஞ்சான வெண்டைக்காயைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். விலை எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், தரத்தில்தான் வித்தியாசம். அதனால் பத்து நிமிடம் சும்மா நடந்து பாருங்கள். எந்தக் காய் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் காய். அதை இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கலாம். எது ஒரே ஒரு கடையில் கொஞ்சமாக இருக்கிறதோ, அது வரத்துக் குறைந்த காய்; ஆசைக்குக் கால் கிலோ போதும்.

சுற்றும்போதே ஆளையும் பாருங்கள். இரண்டு மூன்று காய் மட்டும் வைத்திருப்பவர், அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் காய், ஒட்டியிருக்கும் மண், காம்பில் காயாத பால்: இதெல்லாம் தோட்டத்துக்காரருக்கு அடையாளம். ஒரே கடையில் கேரட், முருங்கை, குடைமிளகாய், மாங்காய் எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். விவசாயி பேரில் வியாபாரி உட்காருவதாகப் பல சந்தைகளில் புகார் உண்டு. ஆனால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக் காயையும் சேர்த்து ஒட்டுக்காக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மலைக்காய் சமவெளியில் விளையாது என்பதால் அதற்கென்று தனிக் கடைகளும் இருக்கும். கேட்டால் தெரிந்துவிடும்.

என்ன கேட்பது

"ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. இப்படிக் கேளுங்கள்:

"ஏனுங்கண்ணா, எந்த ஊருங்க? எப்பப் பறிச்சதுங்க?"

"நேத்துப் பொழுதோட பறிச்சதுங்க. கீரை மட்டும் காலைல மூணு மணிக்கு."

"மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுங்க?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்தபின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கு உண்டு. நேர்மையாக "போன வாரம் அடிச்சதுங்க" என்று சொல்கிறவரிடம், "மருந்தே அடிக்கறதில்லைங்க" என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறவரைவிட நம்பி வாங்கலாம். கத்திரியும் காலிஃபிளவரும் மருந்தே இல்லாமல் பளபளவென்று வருவது கடினம். யாராவது இயற்கை விவசாயம் என்று கூடுதல் விலை சொன்னால் சான்று இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கலாம். விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் தலைமையகம் கோவையில்தான் இருக்கிறது. முறையாகப் பதிவு செய்தவர்கள் அட்டையைக் காட்டத் தயங்குவதில்லை.

இன்னொரு கேள்வி, கேட்டால் அவர்கள் முகமே மாறும்: "இன்னைக்கு இதுல எது வாங்கலாமுங்க?" பாதிப் பேர் தங்கள் கடைக் காயிலேயே ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். "அவரை கொஞ்சம் முத்தலுங்க அம்மிணி, வியாழக்கிழமை வாங்க, அடுத்த பறிப்பு வந்துரும்." அப்படிச் சொன்னவரை விட்டுவிடாதீர்கள்.

காயைப் பார்த்து எடுப்பது

சின்ன வெங்காயத்திலிருந்து தொடங்குவோம், கொங்கு சமையலுக்கு அதுதான் அஸ்திவாரம். அரிசியும் பருப்பும் சாதத்துக்குப் பெரிய வெங்காயம் போட்டால் வீட்டில் யாரும் வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் தட்டு காலியாகாது. வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். காம்பு இருந்த இடம் காய்ந்து, இறுகி, மெல்லியதாக மூடியிருந்தால் ஒரு மாதம் தாங்கும். கழுத்து தடித்து ஈரமாக இருந்தால் அறுவடை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. விலை குறைவாக இருக்கும், சுவையும் நன்றாக இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் அழுகும் அல்லது முளைக்கும். சில விவசாயிகள் வெங்காயத்தைத் தோட்டத்திலேயே காற்றோட்டமாக அடுக்கிச் சேமித்து (இதற்குப் பட்டறை என்று பெயர்), விலை ஏறும்வரை காத்திருந்து எடுத்து வருவார்கள். "பட்டறை வெங்காயமுங்களா, புதுசுங்களா?" என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் பட்டறை வெங்காயம்தான் சரி. மழைக்குப் பிந்தின வாரங்களில் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்குங்கள், உள்ளே நீர் கோத்திருக்கும்.

தக்காளியில் நாட்டுக்கும் ஹைபிரிட்டுக்கும் வேலை வேறு. நாட்டுத் தக்காளி தோல் மெல்லிசு, புளிப்பு தூக்கல், ரசத்துக்கும் கடைசலுக்கும் அதுதான். ஹைபிரிட் கெட்டியாக இருக்கும், ஒரு வாரம் கிடந்தாலும் கவலையில்லை, ஆனால் புளிப்பைத் தேட வேண்டும். கிணத்துக்கடவு, உடுமலை மார்க்கெட்டுகளில் தக்காளி 14, 15 கிலோ பெட்டிக் கணக்கில் ஏலம் போகும். பெட்டி விலை விழுந்த வாரத்தில் உழவர் சந்தையிலும் தக்காளி மலை மலையாகக் குவியும். தொக்குப் போட அந்த வாரமே வாய்ப்பு. எடுக்கும்போது தக்காளியை அமுக்கிப் பார்க்காதீர்கள். காம்படியைப் பாருங்கள், அங்கே வெடிப்போ கருப்போ இல்லாவிட்டால் போதும். பாதி சிவந்தது, பாதி பழுத்தது என்று கலந்து எடுத்தால் வாரம் முழுக்க வரும்.

கத்திரிக்காய்க்குக் காம்பின் தொப்பிதான் ஜாதகம். பச்சையாக, முள்ளோடு, காயை ஒட்டிப் பிடித்திருந்தால் நேற்றுப் பறித்தது. பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் இரண்டு மூன்று நாள் பழசு. எடை குறைவாக, அமுக்கினால் மெத்தென்று இருப்பது நல்லது. கனமாக, கெட்டியாக இருந்தால் விதை முற்றியது. ஓட்டை விழுந்த காயில் புழு இருக்கும் என்று ஒதுக்குகிறோம். உண்மையில் காய்த்துளைப்பான் புழு மிகச் சிறியதாக இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடும், அந்த வழி கண்ணுக்கே தெரியாது. நாம் பார்க்கும் பெரிய ஓட்டை அது தின்று முடித்து வெளியேறிய வழி. எப்படியும் உள்ளே கருத்துப்போயிருக்கும், எடுக்காதீர்கள். ஆனால் ஓட்டை இல்லாத காயையும் அரிந்து பார்த்துத்தான் குழம்பில் போட வேண்டும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒன்றே ஒன்று ஒடியுங்கள், ஒடித்ததை வாங்கியும் கொள்ளுங்கள். கூடை முழுக்க நுனி ஒடிந்து கிடந்தால் அடுத்தவர் அதை வாங்கமாட்டார்.

பந்தல் காய்களில் பீர்க்கன் வளையும்படி இருக்க வேண்டும், வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். லேசாக இருந்து உள்ளே சலசலத்தால் நார்தான். புடலை இறுக்கமாக இருக்க வேண்டும். சுரைக்காயில் நகம் இறங்கினால் பிஞ்சு. நகத்தடம் பதித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது அநியாயம், கடைக்காரரிடமே பார்த்துத் தரச் சொல்லுங்கள். அரசாணிக்காய், மற்ற ஊரில் பரங்கிக்காய் என்பார்களே அது, கீற்றாகப் போட்டிருந்தால் நிறம் அடர்ந்த கீற்றை எடுங்கள். முழுக் காய் வாங்கினால் காம்பு காய்ந்ததாகப் பாருங்கள், மாதக் கணக்கில் கிடக்கும்.

கீரைக்கு நீளமாகவே சொல்ல வேண்டும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை, பாலக்கீரை, புளிச்சக்கீரை எப்போதும் கிடைக்கும். சுக்குட்டிக் கீரை, மற்ற ஊரில் மணத்தக்காளி என்பார்களே அது, காயோடு வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் காட்டிலே தானாக முளைக்கும். யாரும் விதைப்பதில்லை, மருந்தும் இல்லை. வயதான ஆத்தாக்கள் நாலைந்து கட்டு மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கண்டால் மற்ற எல்லாக் கீரையையும் விட்டுவிட்டு அதை வாங்குங்கள். கட்டில் தண்ணீர் தெளித்திருப்பது தவறில்லை, ஆனால் நடுவில் பிரித்து மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் நேற்றையது. வேரோடு இருக்கும் கட்டு கூடுதல் நேரம் தாங்கும்.

முருங்கைக்காய் முறுக்கினால் வளைய வேண்டும், விதை புடைத்துத் தெரியக் கூடாது. கறிவேப்பிலையில் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துச் செங்காம்பு வாசனைக்குப் பேர் போனது. கறிவேப்பிலைக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள் என்பதால் நன்றாக அலசாமல் தாளிக்காதீர்கள். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், கண் பகுதி காய்ந்திருக்க வேண்டும். வாழைப்பழத்தில் கதலி, பூவன், ரஸ்தாளி எது கிடைத்தாலும் இரண்டு நாளில் பழுக்கும் சீப்பாகக் கேட்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

தராசு, கொசுறு, மரியாதை

காய் வைக்கும் முன் தராசில் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை. தட்டு ஏற்கெனவே மேலே இருந்தால் அதைக் கழித்திருக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் பிரச்சினை வராது. சொல்லப்போனால் இருபது முப்பது கிராம் கூடவே போட்டு "இருக்கட்டுங்" என்பார்கள்.

கொசுறு கேட்கலாமா? நாலைந்து காய் வாங்கிய கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மட்டுமே விற்கிறவரிடம் கொசுறு கேட்பது நன்றாக இருக்காது, அவருக்கு வியாபாரமே அதுதான்.

சின்னவர் என்றாலும் "ங்க" போட்டுப் பேசுங்கள். இங்கே பத்து வயதுப் பையன் கடையில் உட்கார்ந்திருந்தாலும் "தம்பி, எவ்வளவுங்க" என்றுதான் கேட்பார்கள். நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இதை மட்டும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பை அடுக்குவதில் ஒரே விதி: கனமானது கீழே. தேங்காய், கிழங்கு, அரசாணி, வெங்காயம், அதன்மேல் கத்திரியும் வெண்டையும், தக்காளி தனிப் பை. வாங்கும் வரிசையும் அதேதான். கடைசியாகக் கீரை, கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் எதற்கு

மார்கழி, தை மாதங்கள்தான் கொங்குச் சந்தையின் பொற்காலம். ஆடியில் மானாவாரிக் காட்டில் விதைத்த துவரையும் மொச்சையும் அவரையும் பச்சைக் காயாக வந்து குவியும். பச்சைத் துவரங்காயை உப்புப் போட்டு அவித்துத் தின்னாமல் தை மாதத்தைக் கடத்தக் கூடாது. பொங்கலுக்கு முன்னால் மஞ்சள் கொத்தும் கரும்பும், காப்புக் கட்டப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைக் கட்டும் வாசலிலேயே வந்துவிடும்.

பங்குனி, சித்திரையில் முருங்கை மலியும், வெள்ளரியும் மாங்காயும் வரும். அதே முருங்கை கார்த்திகை, மார்கழிக் குளிரில் காய்ப்புக் குறைந்து ஆளை மிரட்டும் விலைக்குப் போகும். அப்போது வாங்குவதில் அர்த்தமில்லை, முருங்கைக் கீரை போதும். ஆடிக் காற்றில் வாழை சாயும், இலையும் தாரும் விலை ஆடும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது என்பதால் எல்லாக் காய்க்கும் கிராக்கி. புரட்டாசி, ஐப்பசியில் பச்சைக் கடலைக்காய் மண்ணோடு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி அழுகி விலை ஏறுவது வாடிக்கை. முன்கூட்டியே தொக்குப் போட்டவர்கள் அப்போது சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் அடைக்க வேண்டாம். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும். சமைக்கும் முன் கழுவினால் போதும். கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மண்ணும் ஓரளவு மருந்தும் போகும். செடிக்குள் ஊடுருவிய மருந்து கழுவினால் போகாது. அதனால்தான் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

சமைக்கும் வரிசையைத் திட்டமிடுங்கள். அன்றைக்கே கீரை. அடுத்த இரண்டு நாளுக்குள் வெண்டை, பீர்க்கன், கத்திரி. அப்புறம் அவரை, புடலை, முருங்கை. வாரக் கடைசியில் கோஸ், பீட்ரூட், கேரட், சேனை, அரசாணி. கீரையைக் கட்டவிழ்த்து, பழுத்த இலையை எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மறுநாள்வரை தாங்கும். கத்திரி அதிகக் குளிரில் கருத்துப்போகும், வெளியில் நிழலில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். பழுக்காத தக்காளியும் வாழையும் ஃப்ரிட்ஜுக்குள் போகக் கூடாது. சின்ன வெங்காயத்தை மூங்கில் தட்டில் பரப்பிக் காற்றோட்டமாக வையுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்க்காதீர்கள்.

விசேஷத்துக்கு மொத்தமாக வேண்டுமென்றால்

சீர், வளைகாப்பு, கிடா வெட்டு என்று வீட்டில் ஏதாவது நோம்பி வந்தால் பத்துப் பதினைந்து கிலோ தேவைப்படும். அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் கடைக்குக் கடை ஒன்றிரண்டு கிலோவாகப் பொறுக்க வேண்டியிருக்கும், தரமும் ஒரே மாதிரி இருக்காது. பழக்கமான விவசாயியிடம் மூன்று நாலு நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள். என்ன சமையல் என்பதையும் சொல்லுங்கள்: எண்ணெய்க் கத்திரிக்கு என்றால் ஒரே அளவில் சிறுசாகப் பறித்துத் தருவார், பொரியலுக்கு என்றால் அளவு பற்றிக் கவலைப்பட மாட்டார். கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுங்கள், அவர் வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைப்பார். விலை அன்றைய போர்டு விலைதான் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். வாழை இலைக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும், முகூர்த்த நாளாக இருந்தால் அதற்கும் முன்பு. முட்டைகோஸ், பீன்ஸ் போன்ற மலைக்காயை இப்படிச் சொல்லிவைப்பதைவிட மொத்த மார்க்கெட்டில் மூட்டையாக எடுப்பதே மலிவு.